வீட்டுப் பட்டறை எதற்காக? ஒரு பழைய கேள்வியும் அதன் விடைகளும்

கடையில் விற்கும் ஒரு முக்காலியின் விலைக்கு, அதைச் செய்யத் தேவையான நல்ல மரம்கூடப் பல நேரம் கிடைப்பதில்லை. உளி, இழைப்புளி, அரம், கிளாம்ப் என்று கருவிகளின் செலவைச் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசமாகும். இருந்தும் பகலில் அலுவலகத்திலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ வேலை பார்க்கும் பலர், மாலையானதும் வீட்டின் ஒரு மூலையில் மரம் அறுக்கிறார்கள், இரும்பு ராவுகிறார்கள், அலுமினியம் உருக்கி வார்க்கிறார்கள். விற்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை. பல நேரம் வீட்டுக்கு அந்தப் பொருள் தேவையும் இல்லை. பிறகு ஏன் செய்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குக் குறைந்தது முந்நூறு ஆண்டுகளாக விடை சொல்லப்பட்டு வருகிறது. சீர்திருத்தவாதிகள், பொருளியலாளர்கள், தத்துவவாதிகள், உளவியலாளர்கள் என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் உளி பிடித்தவர்கள் குறைவு. அந்த விடைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பூட்டுச் செய்த மன்னன்

தொடக்கத்தில் பொழுதுபோக்குக் கைவேலை வசதி படைத்தவர்களின் கலையாக இருந்தது. பிரான்சின் 16-ஆம் லூயி அரண்மனையில் பட்டறை வைத்துப் பூட்டுகள் செய்தான். அவனுக்குத் துணையாக இருந்த கொல்லன் காமேன்தான், பின்னாளில் அரசனின் இரகசிய இரும்புப் பெட்டகம் இருக்கும் இடத்தை 1792-இல் புரட்சி அரசுக்குக் காட்டிக்கொடுத்தான். ரஷ்யாவின் மகா பீட்டருக்கு லேத் மீது தீராத பற்று. அவனுடைய கடைசல் இயந்திரங்களை நார்த்தோவ் என்ற வல்லுநர் வடிவமைத்தார். லண்டனில் ஹோல்ட்ஸாஃபெல் நிறுவனம், தந்தத்திலும் கருமரத்திலும் நுண்ணிய கோலங்கள் கடையும் லேத்துகளைச் செல்வந்தர்களுக்கு விற்றே பெயர் பெற்றது.

இவற்றுக்கு முன்பே கைவேலை அச்சேறவும் தொடங்கியிருந்தது. ஜோசஃப் மாக்சன் 1678 முதல் லண்டனில் சிறு சிறு பகுதிகளாகத் தொழில்நூல் ஒன்றை வெளியிட்டார். முதலில் எடுத்துக்கொண்டது கொல்லு வேலை. சார்ல் ப்ளூமியே 1701-இல் பிரான்சில் கடைசல் கலைக்கென்றே ஒரு பெருநூல் எழுதினார். அதுவரை குருவின் கையைப் பார்த்து மட்டுமே கற்க முடிந்த வித்தை, தொழிலுக்கு வெளியே இருந்தவனுக்கும் எட்டியது. கைத்திறன் அறிவை விரிவாக்கும், கனவானுக்கு அழகு சேர்க்கும் என்பது அக்காலத்து விடை. அரசனின் பொழுதுபோக்குக்கு அது போதும். விலையுயர்ந்த லேத்தைக் கனவிலும் வாங்க முடியாதவன் ஏன் வாள் எடுத்தான் என்பதற்கு அதில் பதில் இல்லை.

ஒழுக்கம் தரும் மருந்து

19-ஆம் நூற்றாண்டின் ஆலைகள் கேள்வியின் தொனியையே மாற்றின. வெனிஸ் நகரக் கட்டடங்களைப் பற்றி எழுதிய ஜான் ரஸ்கின் 1853-இல் வைத்த வாதம் இது: ஒருவன் சிந்திப்பதும் இன்னொருவன் செய்வதும் என்று வேலையைப் பிளந்தால் இருவருமே ஊனமாகிறார்கள், கையால் செய்த பொருளில் தெரியும் குறைபாடு, செய்தவன் சுதந்திரமாக இருந்ததற்கான அடையாளம். வில்லியம் மோரிஸ் அதை இயக்கமாக்கினார்.

அந்த இயக்கத்தின் மாலை வகுப்புகள்தாம் பொழுதுபோக்குக் கைவேலைக்கு நேரான முன்னோடி. 1884-இல் இங்கிலாந்தின் கெஸ்விக் நகரில் ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஈடித்தும் மரச்செதுக்கும் உலோகத் தகட்டு வேலையும் கற்பிக்கும் மாலை வகுப்பைத் தொடங்கினார்கள். குளிர்காலத்தில் வேலையின்றி இருக்கும் ஊராருக்கு அது உதவும் என்பது எண்ணம். 1890 வாக்கில் கார்ன்வால் கடற்கரையின் நியூலினில் ஜான் மெக்கன்சி என்ற ஓவியர் மீனவர்களுக்குச் செம்பு வேலை கற்றுத்தந்தார். கடலுக்குப் போக முடியாத நாட்களில் மீனவர்கள் செம்புத் தகட்டில் பின்பக்கமிருந்து அடித்து மீனும் படகும் புடைத்தெழச் செய்தார்கள். அடிக்க அடிக்கச் செம்பு இறுகும். அதற்கு மேலும் அடித்தால் கீறல் விடும். சிவக்கக் காய்ச்சி ஆற்றினால் மறுபடி இளகும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதைச் சுத்தியல் எழுப்பும் ஒலியிலும் கையில் தட்டுப்படும் துள்ளலிலும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நியூலின் செம்பு இன்று ஏலங்களில் விலைபோகிறது.

பள்ளிகளுக்குள் இதே சிந்தனை ஸ்லாய்டு என்ற பெயரில் நுழைந்தது. பின்லாந்தில் ஊனோ சிக்னேயுஸ் 1860-களில் மக்கள் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் கைவேலையைச் சேர்த்தார். சுவீடனின் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் ஆசிரியர்களுக்குப் பயிற்சிக்கூடம் நடத்தினார். கத்தியில் தொடங்கி, எளிய பொருளிலிருந்து கடினமான பொருளுக்குப் படிப்படியாகச் செல்லும் மாதிரிகளின் வரிசை அது. பயிற்சி தச்சனை உருவாக்குவதற்கு அல்ல, கவனமும் நேர்மையும் உள்ள மனிதனை உருவாக்குவதற்கு என்றார் சாலமன். கோணல் மூலையை வாய்ப்பேச்சால் நேராக்க முடியாது, மூலைமட்டம் உண்மையைச் சொல்லிவிடும் என்பது இந்த வாதத்தின் வலுவான பகுதி.

இந்த நிலைப்பாட்டின் பலவீனங்கள் இரண்டு. மேலிருந்தவர்கள் கீழிருந்தவர்களுக்கு எழுதிக்கொடுத்த மருந்துச்சீட்டு இது; கற்றவர்கள் தாங்களாகக் கேட்டுப் பெற்றதற்கான சான்று குறைவு. இன்னொன்று, பொழுதுபோக்குக்கும் தொழிலுக்கும் இடையே எல்லை நிற்கவில்லை. கெஸ்விக் வகுப்பு வெகு விரைவில் முழுநேர விற்பனைக்கூடமாகி 1984 வரை நடந்தது. மறுபுறம், சி. ஆர். ஆஷ்பீ லண்டனில் தொடங்கிப் பிறகு கிராமத்துக்கு மாற்றிய கைவினைச் சங்கம் 1908 வாக்கில் மூடப்பட்டபோது அவர் குறைபட்டவற்றில் ஒன்று, வருமானம் தேவைப்படாத பொழுதுபோக்காளர்கள் மலிவாக விற்றுத் தம் தொழிலாளிகளின் வயிற்றில் அடிக்கிறார்கள் என்பது. கைவேலையைக் காக்க வந்த இயக்கத்துக்குள்ளேயே இந்தப் புகார் எழுந்ததை அதன் வரலாறுகள் பலவும் மெல்லத் தாண்டிப்போகின்றன.

ஓய்விலும் உழைப்பா?

சந்தேகக்காரர்கள் அடுத்து வந்தார்கள். தோர்ஸ்டைன் வெப்லென் 1899-இல் வெளியிட்ட நூலில், கையால் செய்த வெள்ளிக் கரண்டியும் இயந்திரம் செய்த மலிவுக் கரண்டியும் பயனில் ஒன்றே என்றார். கைவேலையின் மேடுபள்ளங்களை நாம் இரசிப்பதற்குக் காரணம் அவை செலவைக் காட்டுவதுதான் என்பது அவர் துணிபு. மோரிஸின் அச்சகமும் அந்தக் கிண்டலுக்குத் தப்பவில்லை.

தியோடோர் அடோர்னோ இன்னும் கடுமை. 1969-இல் ஓய்வு நேரம் பற்றி ஆற்றிய வானொலி உரையில், தமக்குப் பொழுதுபோக்கு எதுவும் இல்லை என்று சொன்னதோடு, தானே செய்துகொள்ளும் வீட்டு வேலைகளைப் போலிச் செயல் என்று ஒதுக்கினார். உலகை மாற்ற முடியாதவன் வீட்டு அலமாரியை மாற்றித் திருப்திப்படுகிறான் என்பது அந்தக் கண்டனத்தின் சாரம். அலமாரி செய்து பார்த்த எவரும் இதை அவ்வளவு சுலபமாக ஏற்க மாட்டார்கள். ஆனால் முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் இந்த ஆர்வம் பெருகியபோது கருவி வணிகமும் உடன் பெருகியது. பிளாக் அண்ட் டெக்கர் 1946-இல் வீட்டுக்கென்றே மலிவான மின்துளைக் கருவியைக் கொண்டுவந்தது. 1954-இல் டைம் இதழ் இந்தப் போக்கை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. பட்டறையில் செய்த பொருளைவிடப் பட்டறைக்காக வாங்கிய பொருள் அதிகம் என்ற நிலைக்குப் பலர் வந்தது, அடோர்னோவுக்குச் சாதகமான சாட்சிதான்.

வரலாற்றாசிரியர் ஸ்டீவன் கெல்பர் 1999-இல் எழுதிய நூல் இவ்வரிசையில் மிகக் கவனமானது. பொழுதுபோக்கு வேலையிலிருந்து தப்பிக்கும் வழியாகத் தோன்றினாலும் திட்டமிடல், சிக்கனம், முடித்துக்காட்டல் என்று வேலையின் மதிப்பீடுகளையே வீட்டுக்குள் கொண்டுவருகிறது என்கிறார் அவர். சமூகவியலாளர் ராபர்ட் ஸ்டெபின்ஸ் 1982 முதல் இதே உண்மையைப் பரிவோடு பார்த்தார். பயிற்சியும் விடாமுயற்சியும் கேட்கும் இவ்வகை ஓய்வை அவர் தனி இனமாகவே பிரித்தார். இருவரும் சமூகத்தை நன்றாகப் பார்த்தார்கள். தச்சு மேசை மேல் என்ன நடக்கிறது என்பது இருவர் நூலிலும் சிறிதளவே வருகிறது.

இல்லாமையின் பட்டறை

மேற்கண்ட விடைகள் எல்லாமே கடையில் பொருள் கிடைக்கும் என்று முதலிலேயே எடுத்துக்கொள்கின்றன. கிடைக்காத இடத்தில்?

ரஷ்யக் கலைஞர் விளாதிமிர் அர்ஹிப்பொவ் 1990-களிலிருந்து சாதாரண மக்கள் வீட்டில் செய்த பொருட்களைச் செய்தவர்களின் கதையோடு சேகரித்தார். அவர் தொகுப்பு 2006-இல் நூலாக வந்தது. சாப்பாட்டு முட்கரண்டிகளை வரிசையாகப் பொருத்திச் செய்த தொலைக்காட்சி ஆன்டெனா அதில் ஒன்று. பழைய பல்துலக்கியை வளைத்துச் செய்த கொக்கி இன்னொன்று. கியூபாவில் சோவியத் உதவி நின்றுபோன 1990-களில் நிலைமை இன்னும் இறுகியது. மக்கள் கண்டுபிடித்த மாற்று வழிகளைத் திரட்டி, சொந்த முயற்சியால் என்ற பொருள்படும் தலைப்பில் 1992-இல் இராணுவப் பதிப்பகமே நூல் வெளியிட்டது. ஆவ்ரிகா என்ற சோவியத் சலவை இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றி மின்விசிறி செய்தவர்கள் உண்டு. இவற்றைச் சேகரித்து ஆராய்ந்த வடிவமைப்பாளர் எர்னெஸ்டோ ஒரோசா, பொருளை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்ற உற்பத்தியாளரின் கட்டளையை இம்மக்கள் மீறுகிறார்கள் என்று அதைத் தொழில்நுட்பக் கீழ்ப்படியாமை என்றார்.

இல்லாமையே படைப்பின் தாய் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். 1942 முதல் அமெரிக்கா முகாம்களில் அடைத்த ஜப்பானிய வம்சாவளியினர், சுமார் 1,20,000 பேர், முகாம் கட்டி மிஞ்சிய மரத்துண்டுகளில் நாற்காலி செய்தார்கள். அதே துண்டுகளில் செதுக்கு வேலைகளும் செய்தார்கள். உட்கார நாற்காலி வேண்டும், சரி. செதுக்கு வேலை எதற்கு? தேவை தீர்ந்த இடத்திலும் கை நிற்கவில்லை. மாறாக, தேவை மட்டுமே செய்யவைத்த பலர், கடையில் பொருள் வந்ததும் வாளைக் கீழே வைத்துவிட்டதும் உண்மை. ஆக, பற்றாக்குறை ஒருவனைப் பட்டறைக்குக் கொண்டுவரும். அவன் அங்கேயே தங்குவதற்குக் காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும்.

தச்சு மேசையிலிருந்து ஒரு விடை

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மரச்சாமான் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்த டேவிட் பை, 1968-இல் வெளியிட்ட நூலில் கேள்வியையே வேறு பக்கம் திருப்பினார். கை, இயந்திரம் என்ற பிரிவினை பயனற்றது என்பது அவர் கருத்து. அவர் கேட்டது ஒன்றே: வேலை நடந்துகொண்டிருக்கும்போது முடிவு எவ்வளவு தூரம் செய்பவனின் கையில் இருக்கிறது? ஒவ்வொரு கணமும் கெட்டுப்போக வாய்ப்புள்ள வேலை துணிவு வேலை. தொடங்கும்போதே முடிவு தீர்ந்துவிட்டது உறுதி வேலை. பேனாவால் எழுதுவது முதல் வகை, அச்சடிப்பது இரண்டாம் வகை, தட்டச்சு நடுவில் எங்கோ.

டவ்டெயில் இணைப்பு என்று தச்சர்கள் சொல்லும் பெட்டி மூலையை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். முதலில் ஒரு பலகையின் முனையில் விசிறிபோல் விரியும் பற்களை அறுக்கிறார்கள். அதை அடுத்த பலகையின் முனைமேல் வைத்து, பென்சிலை விட்டுக் கத்தி நுனியால் கோடு கீறுகிறார்கள். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு, கத்திக் கோட்டுக்குப் பெரும்பாலும் இல்லை. வாளைக் கோட்டின் மேலேயே ஓட்டினால் கதை முடிந்தது. வெட்டி எறியப்போகும் பக்கம் ஒட்டி ஓட்ட வேண்டும். அரை மில்லிமீட்டர் அந்தப்பக்கம் போனால் இடைவெளி. இந்தப்பக்கம் மிஞ்சினால் தட்டும்போது பலகை பிளக்கும். இதையே உலோக அச்சுச்சட்டம் பூட்டி மின்கருவியால் செய்தால் எல்லாப் பற்களும் ஒரே மாதிரி வரும், கவலையும் இல்லை. இரண்டு பெட்டியும் உறுதியில் ஏறக்குறைய சமம். தட்டிச் சேர்க்கும் கணத்தில் மட்டுமே வித்தியாசம் தெரியும்.

பை இதை வைத்து ரஸ்கினையும் மறுத்தார்: கரடுமுரடு சுதந்திரத்தின் அடையாளம் ஆகாது, பழைய கைவினைஞர் பலர் துல்லியத்தையே தேடினார்கள். தம் மரக்கிண்ணங்களில் பள்ளவரி செதுக்க அவரே ஒரு கருவி செய்து வைத்திருந்தார் என்பதால், அச்சுச்சட்டத்தை வெறுத்த தூய்மைவாதி என்று அவரைச் சொல்ல முடியாது. கைவேலையின் எதிர்காலத்தை அதனால் வயிறு வளர்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத மெய்யான ஆர்வலர்களிடம் அவர் பெருமளவு எதிர்பார்த்தது, நமது கேள்விக்கு மிக நெருங்கிய விடை.

இதற்கு எதிர்ச்சான்று உண்டு. அதே இங்கிலாந்தில் தொலைக்காட்சியில் வீட்டு வேலை சொல்லித்தந்து புகழ்பெற்றவர் பாரி பக்னெல். பழைய சித்திரக் கதவுகளை ஹார்ட்போர்டு அறைந்து மூடச் சொன்னவரும் அவர்தான், அதற்காக இன்றும் திட்டு வாங்குகிறார். படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய மிரர் என்ற சிறு பாய்மரப் படகு 1963-இல் வந்தது. வெட்டித் தயாராக வரும் பிளைவுட் பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து முறுக்கி, உட்புற மூட்டில் கண்ணாடியிழைப் பட்டை ஒட்டிப் பிசின் பூச வேண்டும். படகு தச்சனின் வித்தையில் முக்கால்வாசி இதில் தேவையில்லை. கெடுவதற்கான வாய்ப்பும் குறைவு. 70,000-க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் உருவாயின. துணிவுதான் ஈர்ப்பு என்றால் இத்தனை பேர் ஏன் துணிவு குறைந்த வழியைத் தேடினார்கள்? பெரும்பாலோருக்கு வேண்டியிருந்தது படகு. செய்வதில் கிடைக்கும் சுகம் வழியில் வந்தது என்று கொள்ள இடமுண்டு.

மறுகோடியில் அமெரிக்காவின் டேவ் ஜிஞ்சரி நிற்கிறார். 1980-களில் பரவிய அவருடைய நூல் வரிசை, பழைய உலோகக் கழிவிலிருந்து ஒரு முழு உலோகப் பட்டறையை உருவாக்கக் கற்றுத்தருகிறது. முதலில் ஒரு வாளிக்குள் தீக்களிமண் அப்பிக் கரி உலை. அதில் 660 டிகிரி செல்சியசில் உருகும் அலுமினியத்தை, ஈரமணலில் பதித்த மர மாதிரியின் பள்ளத்தில் வார்க்க வேண்டும். அப்படி வார்த்த உறுப்புகளில் லேத். பிறகு அந்த லேத்தின் துணையால் மற்ற இயந்திரங்கள். லேத்தின் தடத்தைச் சமப்படுத்த நீலச்சாயம் தடவித் தட்டையான பரப்பின்மேல் தேய்த்து, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டியால் சுரண்டி, மறுபடி தேய்த்துப் பார்க்க வேண்டும். பல மணி நேர வேலை. இதற்குப் பதிலாகப் பழைய லேத் ஒன்றை வாங்கலாமே என்று கேட்பது நியாயம். கருவி செய்யும் கருவியைத் தானே செய்ய வேண்டும் என்ற ஆசையை அந்த நியாயம் தொடுவதில்லை.

நீராவி எஞ்சின் மாதிரிகள் செய்வோரிடையே இன்னொரு அளவுகோல் உண்டு: ஓடுகிறதா? பிரிட்டனில் 1898-இல் மாடல் எஞ்சினியர் இதழும் மாதிரிப் பொறியாளர் சங்கமும் பிறந்தன. 1920-களில் எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதியவர், மிகச் சிறிய அளவிலும் நிலக்கரி எரித்து ஆளை இழுத்துச் செல்லும் எஞ்சின் செய்யலாம் என்று வாதிட்டு, தாம் செய்த ஆயிஷா என்ற எஞ்சினை ஓட்டிக் காட்டினார். அடோர்னோவின் போலிச் செயல் என்ற சொல்லுக்கு அதைவிட நேரான பதில் கிடைப்பது அரிது.

சோதனைக்கூடம் சொல்வது

2012-இல் நார்ட்டன், மோக்கான், ஏரியலி மூவரும் வெளியிட்ட ஆய்வு, தான் கோத்த பொருளுக்கு மனிதன் அதிக விலை கொடுக்கிறான் என்று காட்டியது. ஐகியா நிறுவனத்தின் பெட்டியைத் தாமே கோத்தவர்கள் சராசரியாக 78 சென்ட் தர முன்வந்தார்கள். ஏற்கெனவே கோத்த பெட்டியைப் பெற்றவர்கள் 48 சென்ட். வேலையை முடிக்கவிடாமல் தடுத்தாலோ, செய்ததைக் கலைத்தாலோ இந்த ஏற்றம் மறைந்தது. சுவையான முடிவு. ஆனால் ஒரு பெட்டியைச் சில நிமிடம் கோப்பதும், பல மாதம் ஒரு மேசையோடு மல்லுக்கட்டுவதும் ஒன்றல்ல. தான் செய்த மேசையின் ஒவ்வொரு குறையும் அதைச் செய்தவனுக்குத் தெரியும். அவன் மதிப்பு கூடுமா குறையுமா என்பதை அந்தச் சோதனை அளக்கவில்லை.

இத்தாலிய வடிவமைப்பாளர் எஞ்சோ மாரி 1974-இல் பலகையும் ஆணியும் சுத்தியலும் மட்டுமே கொண்டு எவரும் செய்யத்தக்க மரச்சாமான்களின் வரைபடங்களைத் தபால் செலவுக்கு அனுப்பினார். மதிப்பைக் கூட்டுவது அவர் நோக்கம் இல்லை. செய்து பார்த்தவன் அடுத்தமுறை கடையில் நாற்காலியைப் பார்க்கும்போது ஏமாற மாட்டான் என்பதுதான். உளவியலாளர்கள் இந்தக் கோணத்தையும் சோதித்தால் பயனிருக்கும்.

யாருடைய கை?

எல்லா விடைகளுக்கும் பொதுவான குறை ஒன்று. அவற்றில் வரும் மனிதன் பெரும்பாலும் மேற்கத்திய ஆண். வீட்டுப் பட்டறை ஆணுக்கு வீட்டுக்குள் கிடைத்த தனி இடம் என்று கெல்பரே எழுதியிருக்கிறார். அதே மணி நேரங்களில் தையலும் பின்னலும் செய்த பெண்ணின் வேலை, ஓய்வு என்று ஏன் எண்ணப்படவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.

நம் பக்கத்தில் சிக்கல் இன்னும் ஆழம். கொழும்புத் தமிழரின் மகனான ஆனந்த குமாரசாமி, ஆஷ்பீயின் நண்பர். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை 1908-இல் ஆஷ்பீயின் அச்சகத்தை எடுத்து நடத்தி அச்சிட்டவர். பரம்பரைக் கைவினைஞர் மரபை அவர் போற்றினார். அந்தப் பரம்பரைதான் விலங்கு என்று அம்பேத்கர் 1936-இல் எழுதினார்: சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைப்பாளிகளையே பிரிக்கிறது. தச்சும் கொல்லும் பிறப்போடு கட்டிவைக்கப்பட்ட சமூகத்தில், வேறு சாதிக்காரன் விருப்பத்துக்காக இழைப்புளி எடுப்பது இங்கிலாந்தில் எடுப்பதற்கு ஈடாகாது. தச்சன் மகன் அதை விட்டுவிட்டு அலுவலகம் போவதற்கும் அதே அளவு பொருள் உண்டு. மேற்கத்திய விடைகளை இங்கே அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியாக இருக்காது. நம் நகரங்களில் இப்போது பரவும் பொழுதுபோக்குத் தச்சைப் பற்றி இந்தக் கோணத்தில் எழுதப்பட்டது சொற்பமே.

தீராதவை

இவற்றில் பையின் விடையே வேலையைப் பார்த்துப் பிறந்தது. அதனால் அதிக தூரம் போகிறது. மிரர் படகு அதன் எல்லையைக் காட்டுகிறது. இப்போது கணினி வழிநடத்தும் வெட்டு இயந்திரங்களும் முப்பரிமாண அச்சு இயந்திரங்களும் வீட்டுப் பட்டறைக்குள் வந்துவிட்டன. திரையில் வரைந்ததைப் பொறி அறுத்துத் தரும்போது துணிவு மேசையிலிருந்து வரைபடத்துக்கு இடம் மாறுகிறதா, அல்லது இல்லாமலே போகிறதா என்பதைப் பை காலத்து நூல்களால் தீர்க்க முடியாது.

இன்னொன்றும் மீதி இருக்கிறது. ஐகியா ஆய்வின்படி முடிக்காத வேலைக்கு அந்தக் கூடுதல் மதிப்பு இல்லை. ஆனால் ஆர்வலர்களின் பட்டறைகளில் பாதியில் நிற்கும் வேலைகள் சாதாரணம். அவற்றை வைத்துக்கொண்டே அவர்கள் அடுத்ததைத் தொடங்குகிறார்கள். ரஸ்கின் முதல் கெல்பர் வரை எல்லோரும் முடிந்த பொருளையே எடுத்துப் பேசினார்கள். இனி இக்கேள்வியை எடுப்பவர்கள் பரணில் கிடக்கும் பாதி நாற்காலியிலிருந்து தொடங்க வேண்டும்.